சாவியைக் கொடுக்கும் முன்: பழைய காரை ஷோரூமில் கொடுப்பதா, நாமே விற்பதா?

பெங்களூரு ஜோகுபாளையத்துச் சந்துகளில் இரண்டாவது காருக்கு இடம் கிடையாது. புது வண்டி வாசலுக்கு வரவேண்டுமானால் பழையது அதற்கு முந்தைய நாளே கிளம்பியாக வேண்டும். ஒரு வாரம் இரண்டும் நின்றால் போதும், பால்காரர் முதல் பக்கத்து வீட்டு மாமி வரை எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். இந்த ஒரு நெருக்கடியாலேயே இங்கே பலர், ஷோரூமில் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பத்து வருஷம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டி, பத்து நிமிஷத்தில் கை மாறிவிடுகிறது.

அவசரப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த அத்தியாயம். நாமே விற்றால் கூடுதல் பணம் கிடைக்கும், ஷோரூமில் கொடுத்தால் அலைச்சல் மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எவ்வளவு கூடுதல், எவ்வளவு அலைச்சல் என்று எண்ணிப் பார்ப்பவர்கள்தான் குறைவு. அதைவிடக் குறைவு, ஆர்.சி.யில் தன் பெயர் போய்விட்டதா என்று கடைசிவரை பார்ப்பவர்கள். என்னைக் கேட்டால், பழைய கார் விற்பதில் விலை இரண்டாவது விஷயம். பெயர் மாற்றம்தான் முதலாவது.

ஷோரூம் கணக்கு

ஷோரூமில் மூன்று எண்கள் ஒரே தாளில் வரும். புது வண்டியின் ஆன்ரோடு விலை, உங்கள் பழைய வண்டிக்கு அவர்கள் போட்ட விலை, பழையதைக் கொடுப்பதற்காக அதன்மேல் தரும் எக்ஸ்சேஞ்ச் போனஸ். மூன்றும் கலந்து கடைசியில் 'நீங்கள் கட்ட வேண்டியது இவ்வளவு' என்று ஒரே எண்ணாக நிற்கும். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. பழைய வண்டிக்கு 20,000 கூட்டிக் கொடுத்ததுபோல் காட்டிவிட்டு, புது வண்டியில் தரவேண்டிய தள்ளுபடியில் அதே 20,000-ஐப் பிடித்துக்கொள்ள முடியும். தாளைப் பார்த்தால் தெரியாது.

ஆகவே முதல் தடவை போகும்போது பழைய காரைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அதை ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் கடைசி விலை என்ன என்று எழுதி வாங்குங்கள். இரண்டு ஷோரூமில் வாங்கினால் இன்னும் நல்லது. பிறகு இன்னொரு நாள் பழைய வண்டியைக் காட்டி, எக்ஸ்சேஞ்சோடு என்ன விலை என்று அதேபோல் எழுதி வாங்குங்கள். இரண்டு தாளுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பழைய வண்டிக்கு அவர்கள் உண்மையில் தரும் விலை. வாயால் சொன்னது வேறாக இருக்கலாம்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 2015ஆம் வருஷத்து பெட்ரோல் வேகன்-ஆர். ஷோரூம் போட்ட விலை 2,10,000. போனஸ் 25,000. வெளியே ஒருவர் 2,80,000 தரத் தயார். பார்வைக்கு 70,000 வித்தியாசம். போனஸைக் கழித்தால் 45,000. விற்பதற்கு முன் சிறு டிங்கரிங், பாலிஷ், எமிஷன் சர்டிபிகேட், தீரப்போகும் இன்சூரன்ஸ் என்று 10,000 போகட்டும். மிச்சம் 35,000. இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் முப்பது நாற்பது போன் அழைப்புகளுக்கும் இந்தத் தொகை ஈடா என்பதை உங்கள் வீட்டு நிலைமையை வைத்துத் தீர்மானியுங்கள். என் கணக்கில் ஈடுதான். வித்தியாசம் 15,000-க்குக் கீழே வந்துவிட்டால் யோசிக்காமல் ஷோரூமில் கொடுத்துவிடுவேன்.

ஷோரூம் விலை குறைவாக இருப்பதில் எல்லாமே ஏமாற்று என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் அந்த வண்டியைச் சரிசெய்து, நிறுத்தி வைத்து, விற்க வேண்டும். அந்த லாபத்துக்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். சிறிய பழைய கார்களுக்கு 12 சதவீதமாக இருந்த அந்த வரியை 18 சதவீதமாக்க, 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது. இந்த வரி வியாபாரியின் லாபத் தொகைக்கு மட்டும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை நீங்கள் இன்னொருவருக்கு விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை. லாபத்துக்கே விற்றாலும், சொந்த உபயோகக் கார் என்பதால் மூலதன ஆதாய வரியும் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: 'எக்ஸ்சேஞ்ச் பண்ணா டாக்ஸ் குறையும்பா.' அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது சரி. பழைய காரின் விலையைக் கழித்து மீதிக்குத்தான் அங்கே விற்பனை வரி. இங்கே அப்படி இல்லை. பழைய வண்டியைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஜி.எஸ்.டி.யும் கர்நாடகத்தின் ஆயுள்கால வரியும் புது வண்டியின் முழு விலைக்குத்தான். அந்தக் காரணத்தை வைத்து எக்ஸ்சேஞ்சுக்குப் போக வேண்டாம்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு முன் 28 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் இருந்தது. புது வண்டி விலை இறங்கினால் பழையதும் கூடவே இறங்கும். பக்கத்துத் தெருக்காரர் 2024-ல் தன் ஐ-10-ஐ என்ன விலைக்கு விற்றார் என்பதை வைத்து இன்று பேரம் பேசினால் வண்டி வாசலிலேயே நிற்கும்.

மதிப்பிட வருகிறவர் எதைப் பார்க்கிறார்

ஷோரூம் ஆளானாலும் ஆன்லைன் கம்பெனி ஆளானாலும் பார்ப்பது ஒன்றுதான். முதலில் வண்டியைச் சுற்றி வருவார். கையில் சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு கருவி. அதைக் கதவு, பானெட், கூரை என்று ஒவ்வொன்றிலும் வைத்து எடுப்பார். பெயின்ட் எத்தனை மைக்ரான் கனம் என்று அது காட்டும். கம்பெனி பெயின்ட் வண்டி முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். ஒரு கதவில் மட்டும் எண் எகிறினால் கீழே பட்டி வைத்துப் பூசியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து கதவின் ரப்பர் பீடிங்கை விரலால் இழுத்துப் பார்ப்பார். உள்ளே தகட்டில் வரிசையாக வட்ட வட்டமாக வெல்டிங் புள்ளிகள் இருக்க வேண்டும். அவை இல்லாமல் வழவழவென்று இருந்தால் அந்தப் பில்லர் அடிபட்டிருக்கிறது. பிறகு டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி வைக்கும் குழியைப் பார்ப்பார். பின்னால் இடி வாங்கிய வண்டி அங்கே மாட்டிக்கொள்ளும். கடைசியாகத்தான் எஞ்சின்.

இதையெல்லாம் உங்கள் மெக்கானிக்கை வைத்து நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒரு கதவு பூசியது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் கண்டுபிடித்தால் 15,000 குறைப்பார். நீங்களே சொன்னால் அவ்வளவு குறைக்க அவருக்கு வாய் வராது. மறைக்க நினைத்து மீட்டரைத் திருப்புவது, பழைய டயருக்குக் கறுப்பு அடிப்பது போன்றவற்றைச் செய்யவே செய்யாதீர்கள். சர்வீஸ் ரெக்கார்டில் ஒவ்வொரு தடவையும் ஓடிய கிலோமீட்டர் பதிவாகியிருக்கிறது. ஒரு இடத்தில் பொய் தெரிந்தால் மற்ற எல்லா உண்மையும் விலை போகாது.

நாமே விற்பது

முதல் வாடிக்கையாளரை வெளியில் தேட வேண்டாம். இத்தனை வருஷம் வண்டியைப் பார்த்த மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். 'அண்ணா, வண்டியைக் கொடுக்கலாம்னு இருக்கேன், நம்ம ஆளுங்க யாராவது இருந்தா சொல்லுங்க' என்ற ஒரு வார்த்தை போதும். அவர் கையில் இரண்டு பேராவது இருப்பார்கள். அந்த வண்டியின் கிளட்ச் எப்போது மாற்றியது என்பது வரை அவருக்குத் தெரியும் என்பதால், வாங்குபவரும் நம்பி வருவார். முடிந்தபின் அவருக்கு ஒரு தொகை கொடுப்பது முறை. அதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அங்கே அமையாவிட்டால்தான் ஆன்லைன் விளம்பரம். போட்ட அரை மணியில் 'ஃபைனல் எஷ்டு சார்?' என்று கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் போன் வரும். வண்டியைப் பார்க்காமல் கடைசி விலை கேட்பவர்களில் பெரும்பாலோர் புரோக்கர்கள். 'வந்து பாருங்க, அப்புறம் பேசலாம்' என்பதற்கு மேல் பேச வேண்டாம். ஆர்.சி.யின் போட்டோவையும் ஆதாரையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பவே கூடாது. பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும்.

ஓட்டிப் பார்க்கக் கேட்டால் முதலில் லைசென்ஸைப் பாருங்கள். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். நம் பகுதியில் இதற்கு அல்சூர் ஏரியைச் சுற்றி ஒரு சுற்று போதும். கென்சிங்டன் ரோட்டில் நகர்ந்து நகர்ந்து போகும் டிராஃபிக்கும் வேகத்தடைகளும் கிளட்சையும் சஸ்பென்ஷனையும் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் எட்டு மணிக்குள் வரச் சொல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து காட்டுவது வாங்குபவருக்கு நீங்கள் செய்யும் நியாயம்.

பணத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம், அதுவும் வாங்கிய உங்களுக்கு. 1,90,000 இன்று, மீதி நாளை என்று பிரித்து வாங்குவதும் தப்பாது. டோக்கன் அட்வான்ஸ் வாங்கினால் எத்தனை நாளில் மீதி, தவறினால் என்ன என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மீதித் தொகை வங்கிக் கணக்கில் விழுந்ததை, அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்காமல், உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். அதன் பிறகுதான் சாவி.

ஹலசூரு (அல்சூர்) மெட்ரோ நிலையம் 2011 அக்டோபரில் திறந்ததிலிருந்து, காரை விற்றுவிட்டு மறு கார் வாங்காமலே இருக்கும் குடும்பங்களையும் இந்தப் பக்கம் பார்க்கிறேன். அவர்களுக்கு எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்ற பேச்சே இல்லை. நேராக விற்பதுதான் வழி.

பெயர் மாறாத விற்பனை

எனக்குத் தெரிந்த ஒருவர் தன் பழைய சாண்ட்ரோவை ஒரு புரோக்கரிடம் கொடுத்தார். பணம் முழுதாக வந்தது. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர் எழுதும் இடத்தை வெறுமனே விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நூறு ரூபாய் பத்திரத்தில் ஒரு ஒப்பந்தமும் போட்டாயிற்று. மூன்று வருஷம் கழித்து டிராஃபிக் போலீஸ் நோட்டீஸ் அவர் வீட்டுக்கு வந்தது, ஒன்றல்ல, பதினொன்று. ஒவ்வொன்றிலும் கேமரா எடுத்த படம். அவர் வண்டிதான். நசுங்கிய பம்பர், ஜன்னலுக்கு வெளியே முன்பின் தெரியாத ஒருவரின் முழங்கை. ஓப்பன் ஃபார்மை வைத்துக்கொண்டு வண்டி கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது. ஆர்.சி.யில் மட்டும் இவர் பெயர் அப்படியே இருந்தது.

அபராதத்தோடு போனதே அவருக்கு அதிர்ஷ்டம். அந்த வண்டி யார் மேலாவது மோதியிருந்தால்? ஒரே கார் விபத்துக்கு முன் பல கை மாறியிருந்த ஒரு வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பும் அவருடையது. வண்டியை எப்போதோ விற்றுவிட்டேன் என்பது பதில் ஆகாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் விற்றவர் தகவல் கொடுக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். வாங்கியவர் எப்போது செய்வாரோ என்று காத்திருக்காதீர்கள். ஃபார்ம் 29 என்பது நீங்கள் கொடுக்கும் தகவல். அதை நிரப்பி, வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி, நேரம் எல்லாம் எழுதி, நீங்களே சேர்த்துவிடுங்கள். நம் பகுதி வண்டிகள் பெரும்பாலும் கேஏ-03 ஆர்.டி.ஓ.வில் பதிந்தவை. வாங்குபவர் கே.ஆர்.புரம் பக்கம் இருந்தால் அவர் பெயர் மாற்றம் கேஏ-53 ஆர்.டி.ஓ.வில் நடக்கும். முடிந்தால் ஒரு நாள் லீவு போட்டு அவரோடு கூடவே போங்கள். அந்த ஒரு நாள் லீவு வீண் போகாது.

கடன் போட்டு வாங்கிய வண்டியா? கடைசித் தவணை கட்டி வருஷங்கள் ஆகியிருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கலாம். ஆர்.டி.ஓ. பதிவேட்டின் நகலான பி-எக்ஸ்ட்ராக்ட் எடுத்துப் பாருங்கள். இருந்தால் வங்கியிடம் ஃபார்ம் 35-ம் என்.ஓ.சி.யும் வாங்கி, எச்.பி. (கடன் அடமானப் பதிவு) கேன்சல் செய்த பிறகே விளம்பரம் போடுங்கள். வாங்க வந்தவரைக் காக்க வைத்து இதைச் செய்தால் அவர் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவார். அபராதங்கள் பாக்கி இருந்தாலும் முன்பே கட்டிவிடுங்கள். பெங்களூருவில் 2023 பிப்ரவரியிலும் 2025-லும் பாக்கி அபராதத்துக்கு 50 சதவீதத் தள்ளுபடி கொடுத்தார்கள். அடுத்தது வருமா என்று காத்திருந்து விற்பனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கிருஷ்ணகிரியிலோ ஆம்பூரிலோ இருக்கும் உறவினருக்குக் கொடுப்பது நம் வீடுகளில் சகஜம். சொந்தக்காரர் என்பதால் பேப்பர் வேலையைத் தள்ளிவைப்பதும் சகஜம். அதைச் செய்யாதீர்கள். ஃபார்ம் 28 போட்டு இங்கே என்.ஓ.சி. வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் அவர் மறுபடி வரி கட்டிப் பதிய வேண்டும். இங்கே கட்டிய ஆயுள்கால வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். அந்தப் பணம் யாருக்கு என்று விலை பேசும்போதே பேசிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த கல்யாண வீட்டில் அது பேச்சாக வரும்.

வியாபாரியிடம் கொடுப்பவர்களுக்கு ஒரு நல்ல பாதுகாப்பு வந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று விதி. அப்படி அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்ததாக ஃபார்ம் 29சி பதிவானால், அந்த நிமிஷத்திலிருந்து வண்டிக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். பின்னால் என்ன நடந்தாலும் அவர் பொறுப்பு. ஷோரூமானாலும் ஆன்லைன் கம்பெனியானாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, '29சி போடுவீங்களா?' என்பதுதான். போடுகிறவர் 10,000 குறைத்துக் கொடுத்தாலும் அவரிடமே கொடுப்பேன்.

பதினைந்தாவது வருஷம்

ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆக்கினார்கள். டெல்லியில் கொண்டுவந்ததுபோல் வயது பார்த்துத் தனியார் காரை ஓட்டக் கூடாதென்ற தடை பெங்களூருவில் இல்லை. அதனால் நல்ல பழைய வண்டிக்கு இங்கே ஆள் உண்டு. 14 வருஷம் முடியும் தறுவாயில் இருக்கும் வண்டியை விற்பதுதான் கஷ்டம், புதுப்பிக்கும் செலவையும் தொல்லையையும் விலையில் கழித்துக் கேட்பார்கள். ஒன்று, 13ஆவது வருஷத்துக்குள் விற்றுவிடுங்கள். அல்லது வண்டி நன்றாக இருந்தால் நீங்களே புதுப்பித்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்.

புதுப்பிக்கத் தகுதியில்லாத வண்டியென்றால் ஷோரூம் எக்ஸ்சேஞ்ச் நல்ல வழி. இல்லையென்றால் அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையம். அங்கே தரும் டெபாசிட் சான்றிதழை வைத்துப் புது வண்டியின் வரியில் சலுகை கேட்கலாம். உதிரிக்காகப் பிரித்து விற்பவரிடம் ஆர்.சி.யை ரத்து செய்யாமல் கொடுத்துவிடாதீர்கள்.

நோ-கிளெய்ம் போனஸ்

கிட்டத்தட்ட எல்லோரும் தவறவிடும் பணம் இது. தொடர்ந்து ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் நோ-கிளெய்ம் போனஸ், வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். விற்றதும் பெயர் மாற்ற நகலைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதை உங்கள் பெயரில் நிறுத்திவைக்கும் கடிதம் வாங்குங்கள். மூன்று வருஷம் வரை செல்லும். புது வண்டியின் சொந்த சேத பிரீமியத்தில் கழியும். புது வண்டி பிரீமியம் பெரியது என்பதால், எக்ஸ்சேஞ்ச் போனஸுக்காகப் பேரம் பேசியதைவிட இதில் சில சமயம் அதிகம் மிஞ்சும்.

வண்டி தெருவைத் தாண்டும் முன் ஃபாஸ்டேக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு வங்கியில் மூடச் சொல்லுங்கள். வாங்கியவரின் லைசென்ஸ், ஆதார் நகல், அவர் கையெழுத்திட்ட டெலிவரி சீட்டு, ஃபார்ம் 29-ன் ஒரு நகல் எல்லாம் ஒரு கவரில் இருக்கட்டும். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு உரிமையாளர் பெயரைப் பாருங்கள். ஒரு மாதமாகியும் உங்கள் பெயரே காட்டினால், அந்தக் கவரை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்து, முத்திரை வைத்த நகலை வாங்கி வாருங்கள்.